கடைசிப் படியின் சுமை

நுழையும்முன்

சமூகத்தில் மேல், கீழ் என்னும் வரிசை பல வகையாக அமைந்துள்ளது. சாதி, செல்வம், தொழில், பால் ஆகிய ஒவ்வொன்றும் அவ்வரிசையை வகுப்பதில் பங்கு கொள்கின்றன. மேலிருந்து இறங்கிவரும் சுமை இறுதியில் எவர் தோளில் வந்து தங்குகிறது? கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் 2024ஆம் ஆண்டு நிகழ்ந்த பெருந்துயரை முன்வைத்து, ஆணாதிக்கமும் சமூகப் படிநிலையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

கருணாபுரம் எழுப்பிய வினா

கள்ளக்குறிச்சி நகரின் ஒரு பகுதி கருணாபுரம். அன்றாடக் கூலியை நம்பி வாழும் பட்டியல் சாதிக் குடும்பங்கள் மிகுதியாக உள்ள குடியிருப்பு அது. சுமை தூக்குதல், கட்டட வேலை, சுவருக்கு வண்ணம் பூசுதல் போன்ற உடலுழைப்பே அங்குள்ளோர் பலருக்கு வாழ்வாதாரம். 2024ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் அங்கு விற்கப்பட்ட கள்ளச்சாராயத்தைக் குடித்தவர்கள் அடுத்தடுத்து உடல்நலம் குன்றினர். வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல் ஆகிய துன்பங்களோடு அவர்கள் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், அங்கிருந்து சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். சாராயத்தில் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. கருணாபுரத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளின் வாசலில் சாவுப் பந்தல்கள் நின்றன.

இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் உரூபாய் வழங்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அப்போது பொதுவெளியில் ஒரு வினா பரவலாக எழுந்தது. ‘குடித்து இறந்தவருக்கு எதற்காகப் பணம்?’ என்பதே அவ்வினா. முதல் நோக்கில் நியாயமானதாகத் தோன்றும் இவ்வினாவில் ஒரு பிழை உள்ளது. இறந்தவர் எதையும் பெறுவதில்லை. பெறுபவர்கள் அவருடைய மனைவி, தாய், பிள்ளைகள் ஆகியோரே. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அந்தச் சாராயத்தைத் தொட்டவர்கள் அல்லர். குடிப்பதா, வேண்டாவா என்று முடிவெடுக்கும் உரிமையும் அவர்களிடம் இருந்ததில்லை. முடிவு ஒருவருடையது, விளைவு மற்றொருவருடையது. இந்தப் பிரிவினை எவ்வாறு உருவாயிற்று என ஆராய்ந்தால், நம் சமூகத்தின் கட்டமைப்பே கண்முன் விரியும்.

இறந்தவர்களுள் பெண்களும் இருந்தனர். சாராயம் விற்றதாகக் கைது செய்யப்பட்டவர்களுள்ளும் பெண்கள் இருந்தனர். ஆகவே, குடிப்பவர் ஆண், துன்புறுபவர் பெண் என்று ஒரே கோட்டில் இதனைப் பிரித்துவிட இயலாது. எனினும் பெரும்பான்மை எந்தப் பக்கம் சாய்ந்துள்ளது என்பதில் ஐயமில்லை.

தெரிந்து தெளிவோம்

மது வகைகளில் இருப்பது எத்தனால். மெத்தனாலோ வண்ணப்பூச்சு, கரைப்பான், ஒட்டுப்பசை முதலியவற்றின் உற்பத்தியில் பயன்படும் தொழிற்சாலை வேதிப்பொருள். நிறத்தாலும் மணத்தாலும் இரண்டையும் பிரித்தறிதல் அரிது. உடலுக்குள் சென்ற மெத்தனாலைக் கல்லீரலின் நொதிகள் முதலில் பார்மால்டிகைடாகவும் பின்னர்ப் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. பார்மிக் அமிலம் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. பார்வை நரம்பைச் சிதைக்கிறது. இம்மாற்றம் நிகழப் பல மணி நேரம் ஆவதால், குடித்தவர் தொடக்கத்தில் தமக்கு ஒன்றுமில்லை என்றே எண்ணுவார். காலம் தாழ்த்தாமல் மருத்துவமனையை அடைந்தால் மாற்று மருந்தாலும் டயாலிசிஸ் எனப்படும் குருதித் தூய்மிப்பாலும் உயிர் காக்க இயலும்.

படிநிலை என்பது யாது?

சமூகம் இரண்டே பிரிவாக, ஒடுக்குவோர் என்றும் ஒடுக்கப்படுவோர் என்றும் பிரிந்து நிற்பதில்லை. அது ஒரு படிக்கட்டைப் போன்றது. ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் மேலே ஒருவர் உண்டு. கீழேயும் ஒருவர் உண்டு. மேலே இருப்பவரிடம் பணிபவர், கீழே இருப்பவரிடம் பணிவை எதிர்பார்க்கிறார். தமக்குக் கீழும் ஒருவர் இருக்கிறார் என்னும் சிறிய மனநிறைவு, மேலிருந்து வரும் பெரிய இழிவைப் பொறுத்துக்கொள்ளச் செய்கிறது. இதனாலேயே படிக்கட்டு நெடுங்காலம் உடையாமல் நிற்கிறது. அண்ணல் அம்பேத்கர் சாதியமைப்பைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கியமைக்கு இதுவே காரணம்.

சாதிக்கும் பெண்ணடிமைக்கும் உள்ள தொடர்பை அம்பேத்கர் தம் இளமையிலேயே எடுத்துக்காட்டினார். 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வரங்கில், இந்தியச் சாதிகளின் தோற்றத்தைப் பற்றி அவர் கட்டுரை படித்தார். சாதியைக் காத்து நிற்பது அகமணமுறையே என்பது அவருடைய முடிவு. தன் சாதிக்குள் மட்டுமே மணம் நிகழ வேண்டுமாயின், பெண்ணின் திருமணத்தையும் கைம்மையையும் கட்டுப்படுத்தியாக வேண்டும். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய கொடுமைகள் இந்தக் கட்டுப்பாட்டின் கருவிகளாக விளங்கின என்று அவர் விளக்கினார். பெண்ணின் உடலும் விருப்பமும் கட்டுப்பாட்டில் இருக்கும்வரைதான் சாதி என்னும் வேலி நிற்கும் என்பது இதன் உட்பொருள். எனவே, சாதி ஏற்றத்தாழ்வும் ஆணாதிக்கமும் இரு வேறு நோய்கள் அல்ல. ஒன்றன் வேரிலிருந்து மற்றொன்று நீர் உறிஞ்சுகிறது.

இப்படிக்கட்டில் ஒரு கூலித் தொழிலாளியின் இடத்தை எண்ணிப் பார்ப்போம். ஊரில் சாதியால் தாழ்த்தப்படுகிறார். வேலையிடத்தில் மேற்பார்வையாளரின் சொல்லுக்கு அடங்குகிறார். அலுவலகங்களில் காத்து நிற்கிறார். ஆனால், வீட்டு வாசலைக் கடந்து உள்ளே நுழைந்ததும் அவர் குடும்பத்தின் தலைவர். வெளியே எங்கும் கிடைக்காத அதிகாரம் அங்கு மட்டும் அவருக்கு இயல்பாக வழங்கப்படுகிறது. அவ்வதிகாரத்தை அவர் உழைத்துப் பெறவில்லை. ஆணாகப் பிறந்தமையால் பெற்றார். வெளியே பட்ட அவமானம் சிலரிடத்தில் வீட்டுக்குள் சினமாக வெளிப்படுகிறது. அச்சினத்தை ஏற்கும் பெண்ணுக்குக் கீழே வேறு படி இல்லை.

இதனை ஆணின் செயலுக்கான நியாயமாகக் கொள்ளுதல் கூடாது. துன்புற்றவர் எல்லாரும் பிறரைத் துன்புறுத்துவதில்லை. அதே தெருவில், அதே வறுமையில், மனைவியை மதித்து வாழும் ஆண்களும் உள்ளனர். சூழலை விளக்குவது அதனை மாற்றுவதற்காகவேயன்றி, தவறு செய்தவரை விடுவிப்பதற்காக அன்று.

குடியும் ஆண்மையும்

குடிப்பது ஆணின் இயல்பு என்னும் கருத்து நம்மிடையே ஆழப் பதிந்துள்ளது. தமிழ் இலக்கிய மரபு இதனை ஏற்கவில்லை. சங்க காலத்தில் கள் விருந்தோம்பலின் ஒரு பகுதியாக இருந்தது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல், சிறிதளவு கள் கிடைத்தால் அதனை அவன் தமக்கே தந்துவிடுவான் என்று நினைவுகூர்கிறது. புலவராகிய பெண்ணுக்கு அரசன் கள் அளித்தமை அங்குப் பழியாகக் கருதப்படவில்லை. பிற்காலத்தில் எழுந்த திருக்குறள் கள்ளுண்ணாமை என்னும் தனி அதிகாரத்தையே வகுத்துக் குடியைக் கண்டித்தது. அங்கும் குடிப்பழக்கம் ஆணுக்கு மட்டும் பொறுக்கத்தக்கது எனச் சொல்லப்படவில்லை. ஆகவே, ஆண் குடிக்கலாம், பெண் குடித்தல் ஆகாது என்னும் இரட்டை அளவுகோல் இயற்கையின் விதி அன்று. சமூகம் காலப்போக்கில் உருவாக்கிக்கொண்ட வழக்கமே ஆகும்.

இவ்வழக்கத்தின் வலிமையை எண்களிலும் காணலாம். 2019–21ஆம் ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மது அருந்துபவர். பெண்களுள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மது அருந்தும் ஆணைச் சமூகம் ‘பழக்கம் உள்ளவர்’ என்று கூறி நகர்ந்துவிடுகிறது. மது அருந்தும் பெண்ணின் ஒழுக்கத்தையே ஐயுறுகிறது. முதுகு ஒடியச் சுமை தூக்கும் உழைப்பின் வலி இருவருக்கும் உண்டு. அவ்வலியை மறக்க ஒருவருக்கு மட்டும் இசைவு தருகிறது இந்த அளவுகோல்.

ஆண்மைக்கான இலக்கணத்தில் குடி எவ்வாறு இடம்பெற்றது? பதின்பருவத்து இளைஞன் முதன்முதலாகக் குடிக்கும்போது பெரும்பாலும் நண்பர்களே அவனைச் சூழ்ந்திருக்கின்றனர். மறுத்தால் ‘நீயெல்லாம் ஆம்பளையா?’ என்னும் கேலி எழுகிறது. திரைப்படங்கள் பலவற்றில் காதல் தோல்வி, வெற்றி, நட்பு என எதுவாயினும் நாயகனின் கையில் மதுக்கோப்பை இருக்கிறது. துயரத்தை அழுது தீர்ப்பது பெண்மை என்றும், குடித்து மறப்பது ஆண்மை என்றும் சிறுவயது முதலே கற்பிக்கப்படுகிறது. இவ்வகையில் ஆணாதிக்கம் ஆணுக்கும் கேடு விளைக்கிறது. கருணாபுரத்தில் இறந்தவர்களுள் பெரும்பாலோர் ஆண்களாக இருந்தமையின் பின்னணியில் இந்த இலக்கணமும் நின்றது. ஆணுக்குத் தனியுரிமையாக அளிக்கப்பட்ட ஒன்று, வறுமையோடு சேர்ந்தபோது அவன் உயிரையே பறித்தது. விலைகூடிய மதுவை வாங்க இயலாதவர்களே மலிவான சாராயத்தை நாடினர். நகரின் நடுவில், நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அருகிலேயே அது விற்கப்பட்டது.

இல்லத்தின் கணக்கு

குடியால் நேரும் இழப்பு ஒரு நாள் சாவோடு தோன்றுவதும் அன்று; அதனோடு முடிவதும் அன்று. நாள்தோறும் கூலியிலிருந்து ஒரு பகுதி மதுவுக்குச் செல்லும்போது, எஞ்சிய தொகையில் அரிசி, விறகு, மருந்து, பிள்ளைகளின் கல்வி ஆகிய அனைத்தையும் நிறைவேற்றும் பொறுப்பு பெண்ணைச் சேர்கிறது. வருவாயை என்ன செய்வது என்னும் உரிமை கணவனிடம் இருக்கிறது. பற்றாக்குறையைச் சமாளிக்கும் கடமை மனைவியிடம் இருக்கிறது. உரிமையும் கடமையும் இவ்வாறு பிரிந்து கிடப்பதே பாலினச் சமத்துவமின்மையின் அன்றாட வடிவம். பற்றாக்குறையை ஈடுசெய்யப் பெண் வட்டிக்குக் கடன் வாங்குகிறாள். காதிலும் கழுத்திலும் உள்ளதை அடகு வைக்கிறாள். தன் உணவைக் குறைத்துக்கொள்கிறாள். மூத்த மகள் பள்ளியை விட்டு நின்று தாய்க்குத் துணையாகிறாள். ஒருவர் கையிலிருந்த புட்டி இரண்டு தலைமுறைப் பெண்களின் வாழ்வை மாற்றிவிடுகிறது.

வன்முறையும் இக்கணக்கில் சேர்கிறது. கணவர் அடிக்கடி குடித்து நிலை தடுமாறுபவராக இருக்கும் இல்லங்களில், மணமான பெண்களுள் ஏறத்தாழ பத்தில் எழுவர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர் எனத் தேசியக் குடும்பநல ஆய்வு நாடு முழுமைக்குமாகத் தெரிவிக்கிறது. கணவர் குடிக்காத இல்லங்களில் இவ்விகிதம் நான்கில் ஒருவருக்கும் குறைவு. இரண்டாவது எண்ணையும் நாம் மறத்தல் ஆகாது. குடி இல்லாத வீடுகளிலும் வன்முறை நிகழ்கிறது. ஆகவே, குடி வன்முறையைப் பெருக்குகிறதே தவிர, அதன் வேர் குடியில் இல்லை. மனைவியை அடிக்கும் உரிமை கணவனுக்கு உண்டு என்னும் எண்ணமே அதன் வேர்.

கணவர் இறந்தபின் சுமை வேறு வடிவம் எடுக்கிறது. ஒரே வருவாயும் நின்றுபோகிறது. பழைய கடன் நிற்பதில்லை. கைம்பெண் என்னும் பெயரால் மங்கல நிகழ்வுகளில் ஒதுக்கப்படும் நிலை பல இடங்களில் இன்றும் தொடர்கிறது. கணவர் குடித்து இறந்தார் என்னும் பழியும் அவளையே வந்து சேர்கிறது. ‘கணவனைத் திருத்தத் தெரியாதவள்’ என்று பேசும் ஊர், அவளுக்குத் திருத்தும் அதிகாரம் எதையும் முன்னர்த் தந்திருக்கவில்லை.

மலையும் நகரமும்

கள்ளக்குறிச்சியின் மேற்கே எழுந்து நிற்பது கல்வராயன் மலைத்தொடர். கோமுகி ஆறு அம்மலையில் தோன்றிக் கள்ளக்குறிச்சிப் பகுதிக்கு வருகிறது. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்கின்றனர். நெடுங்காலம் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த அம்மலைப்பகுதி 1976ஆம் ஆண்டிலேயே அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. சாலை, மருத்துவம், பள்ளி ஆகிய வசதிகள் சமவெளி ஊர்களைவிட அங்கு மிகப் பிந்தியே சென்றன. கருணாபுரத் துயரத்துக்குப் பின்னர், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைக் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

கள்ளச்சாராயம் என்றதும் பலருடைய விரல் மலையை நோக்கி நீள்கிறது. மலையின் ஓடைகளை ஒட்டிச் சாராயம் காய்ச்சப்பட்டு வந்தது உண்மையே. ஆனால், கருணாபுரத்தில் உயிர்களைப் பறித்த மெத்தனால் மலையில் விளைவதன்று. அது தொழிற்சாலைகளுக்காக உற்பத்தி செய்யப்பட்டு, பல கைகள் மாறி, சாராயத்தோடு கலக்கப்பட்டது. பழியையும் படிக்கட்டின் கீழேயே இறக்கிவைக்கும் பழக்கம் நமக்கு உண்டு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இவ்வாறு ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் குற்றவாளியாகக் கருதும் மனப்பான்மை எங்கே கொண்டுசெல்லும் என்பதை வாச்சாத்தி காட்டியது. தருமபுரி மாவட்டத்தில், கல்வராயன் மலையை அடுத்துள்ள சித்தேரி மலையடிவாரத்தில் அமைந்த ஊர் வாச்சாத்தி. அங்கும் மலையாளிப் பழங்குடியினரே வாழ்கின்றனர். 1992ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், சந்தனமரம் கடத்தப்படுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அவ்வூருக்குள் நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. ஊரார் தாக்கப்பட்டனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். ஓர் ஊரை அடக்க நினைத்த அதிகாரம் அவ்வூர்ப் பெண்களின் உடல்மீதே முதலில் கை வைத்தது. ஆணாதிக்கம் இல்லத்துக்குள் மட்டும் வாழ்வதில்லை. படிக்கட்டின் மேலிருந்தும் அது நேரடியாக இறங்கும் என்பதற்கு இது கொடிய எடுத்துக்காட்டு.

ஆனால், வாச்சாத்தியின் வரலாறு அந்நாளோடு முடியவில்லை. அப்பெண்கள் அஞ்சி ஒதுங்காமல் சான்றளித்தனர். 19 ஆண்டுகள் கடந்து, 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. கடைசிப் படியில் நின்றவர்கள் பேசத் தொடங்கியபோது படிக்கட்டு அதிர்ந்தது.

எழுத்தறிவும் எழுச்சியும்

குடிக்கு எதிரான போராட்டங்களில் பெண்கள் முன்னிற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1921ஆம் ஆண்டு ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நிகழ்ந்தது. அதற்காகப் பெரியார் சிறை சென்றபின், அவருடைய துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலைத் தொடர்ந்து நடத்தினர். பெண்கள் பொதுவெளிக்கு வருவதே அரிதாக இருந்த காலம் அது. மறியலை நிறுத்தும் முடிவு ஈரோட்டிலுள்ள அவ்விரு பெண்களின் கையில் இருப்பதாகக் காந்தியடிகள் கூறினார் என்பது வரலாறு. பின்னர் 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் இராஜாஜியின் அரசு மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது.

பெண்களின் எழுச்சி எவ்வாறு பிறக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுவது ஆந்திர மாநிலம் நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா என்னும் சிற்றூர். 1990களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் நடைபெற்றது. பகலெல்லாம் வயலில் உழைத்த பெண்கள் இரவில் கற்க வந்தனர். அவர்கள் படித்த பாடநூலில், குடியால் சிதைந்த ஒரு குடும்பத்துப் பெண்ணின் கதை இடம்பெற்றிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்த பெண்கள் அது தங்கள் கதையே என உணர்ந்தனர். அதுவரை ஒவ்வொருத்தியும் தன் தலைவிதி என்று எண்ணியிருந்த துன்பம் அனைவருக்கும் பொதுவானது என்பது புலனாயிற்று. அவர்கள் ஒன்றுகூடித் தம் ஊரின் சாராயக் கடையை மூடச்செய்தனர்.

அவ்வெற்றி அடுத்த பாடநூலில் ஒரு பாடமாக இடம்பெற்றது. அதனைப் படித்த பிற ஊர்ப் பெண்களும் எழுந்தனர். சாராயக் கடைகளுக்கான ஏலத்தையே நடத்தவிடாமல் தடுத்தனர். உழைக்கும் எளிய பெண்களே இவ்வியக்கத்தின் முதுகெலும்பாக விளங்கினர். 1993ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் முதல் ஆந்திர அரசு சாராய விற்பனைக்குத் தடை விதித்தது. 1995ஆம் ஆண்டு முழு மதுவிலக்கும் வந்தது. 1997ஆம் ஆண்டில் அம்மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. சட்டம் வந்து போயிற்று என்றாலும், அடுப்படியில் ஒடுங்கியிருந்த பெண்கள் ஓர் அரசின் கொள்கையை மாற்றினர் என்னும் உண்மை நிலைத்துவிட்டது. எழுத்தறிவு பெற்ற பெண் தன் துன்பத்துக்குக் காரணம் விதி அன்று, அமைப்பே என்று கண்டுகொள்கிறாள். மாற்றத்தின் முதற்படி அதுவே.

சட்டமும் உரிமையும்

கருணாபுரத்துக்குப் பின் சட்டம் கடுமையாயிற்று. 2024ஆம் ஆண்டு சூன் மாத இறுதியில் தமிழ்நாடு சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு நேர்ந்தால், அதனைக் காய்ச்சி விற்றவர்களுக்கு வாழ்நாள் சிறையும் 10 இலட்சத்துக்குக் குறையாத தண்டமும் விதிக்க அத்திருத்தம் வழிவகுத்தது. ஓய்வுபெற்ற நீதியரசர் கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. வழக்கின் புலனாய்வை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் ஆணையிட்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவை ஏற்பதாக அரசு அறிவித்தது.

இவை யாவும் தேவையானவை. எனினும் ஓராண்டுக்கு முன்னர், 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இத்தகைய நச்சுச் சாராயமே 20-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்திருந்தது. தண்டனை குற்றவாளியைத் தடுக்கலாம். குடிப்பதற்கான தூண்டுதலையும் குடும்பத்தில் நிலவும் அதிகார ஏற்றத்தாழ்வையும் அது நேரே தொடுவதில்லை. அதற்கு வேறு வகையான உரிமைகள் வேண்டும்.

அவ்வுரிமைகளுக்கான அடித்தளம் தமிழ்நாட்டில் முன்னரே இடப்பட்டது. 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டில் நடைபெற்ற முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. 60 ஆண்டுகளுக்குப் பின், 1989ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்கும் மூதாதையர் சொத்தில் சமப்பங்கு அளித்தது. நாடு முழுமைக்கும் இத்தகைய உரிமை 2005ஆம் ஆண்டில் கிடைத்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், அடிப்பதை மட்டும் வன்முறை எனக் கொள்ளவில்லை. குடும்பத்தின் தேவைக்குரிய பொருளைத் தர மறுப்பதையும் பொருளாதார வன்முறை என வரையறுத்தது. கூலி முழுவதையும் மதுவுக்குச் செலவிட்டுக் குடும்பத்தைப் பட்டினி போடுபவருக்கு எதிராகப் பெண் சட்டத்தின் துணையை நாடலாம் என்பதே இதன் பொருள். அவசர உதவிக்கு 181 என்னும் பெண்கள் உதவி எண்ணும் உள்ளது.

இந்த உரிமைகள் பயன்பட வேண்டுமாயின், அவற்றை அறிந்திருக்கும் கல்வியும், கேட்கும்போது துணைநிற்கும் சுற்றமும் பெண்ணுக்கு வேண்டும். நிலமோ வீடோ தன் பெயரில் உள்ள பெண், வன்முறை நிகழும்போது வெளியேற்றப்படுவோம் என்று அஞ்ச வேண்டியதில்லை. தன் வங்கிக் கணக்கில் தானே பணம் எடுப்பவள், பிள்ளையின் கல்விக்கட்டணத்துக்காகப் பிறர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. மகளிர் தன்னுதவிக் குழுக்களும், 2023ஆம் ஆண்டு தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையும் இத்திசையில் எடுத்துவைக்கப்பட்ட அடிகள். தொகை சிறிதாயினும், அது குடும்பத் தலைவியின் கணக்கில் அவள் உரிமையாக வந்து சேர்வது குறிப்பிடத்தக்கது.

சமத்துவம் தொடங்கும் இடம்

‘குடித்து இறந்தவருக்கு எதற்காகப் பணம்?’ என்று கேட்ட சமூகம் வேறு சில வினாக்களையும் கேட்டிருக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது அவருடைய கூலியில் மனைவிக்கு என்ன உரிமை இருந்தது? மலிவான நஞ்சைத் தேடிச் செல்லும் நிலையில் அவரை வைத்திருந்தது எது? சாராயம் விற்பதை அறிந்த பெண்கள் அதனைத் தடுக்க முயன்றிருந்தால் அவர்கள் சொல்லை யார் கேட்டிருப்பார்கள்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் சாதி, வறுமை, ஆணாதிக்கம் ஆகிய மூன்றையும் ஒருங்கே எதிர்கொள்ள நேரும். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் அகற்ற முயன்றால், எஞ்சியது விட்ட இடத்திலிருந்து மீண்டும் வளரும்.

பெரிய அமைப்புகளை மாற்றுவது அரசின் கடமை. ஆயினும் படிக்கட்டின் ஒரு கல் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. மகனுக்கு ஒரு நீதி, மகளுக்கு ஒரு நீதி என்னும் வழக்கம் அங்கேதான் முதலில் கற்பிக்கப்படுகிறது. வீட்டு வேலையைப் பகிர்ந்து செய்யும் மாணவன், நண்பனின் கேலிக்கு அஞ்சாமல் மதுவை மறுக்கும் இளைஞன், குடும்பத்தின் வரவு செலவைத் தன் தாயோடு அமர்ந்து எழுதும் மகள் ஆகியோர் அந்தக் கல்லை அசைக்கின்றனர். கருணாபுரத்தில் துணையை இழந்த பெண்கள் இன்று தனியே குடும்பம் நடத்துகின்றனர். அவர்களுடைய பிள்ளைகளுள் சிலர் உங்களைப் போலவே பள்ளியில் படிக்கின்றனர். அப்பிள்ளைகள் வளர்ந்து வாழப்போகும் இல்லங்களில் உரிமையும் கடமையும் இருவருக்கும் பொதுவாக அமையுமாயின், கடைசிப் படி என்று ஒன்று இல்லாமற்போகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு நாளில் நிகழும் வேலைகளைப் பட்டியலிட்டு, அவற்றை யார் யார் செய்கின்றனர் என அட்டவணைப்படுத்துக. அதிலிருந்து நீங்கள் அறிந்தவற்றை வகுப்பில் பகிர்க.

2. ‘விளக்குவது வேறு, நியாயப்படுத்துவது வேறு’ என்னும் கருத்தைக் கட்டுரையில் இடம்பெற்ற எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விவாதிக்க.

3. தூபகுண்டா பெண்களின் எழுச்சியில் எழுத்தறிவு ஆற்றிய பங்கினை ஒரு பக்க அளவில் எழுதுக.

4. உங்கள் ஊரின் கிராமசபை அல்லது பகுதிசபைக் கூட்டத்தில் பெண்கள் முன்வைத்த கோரிக்கைகளைக் கேட்டறிந்து தொகுக்க.